மின்தேக்கிக்கும் மின்சுற்றுக்கும் நடுவில் ஒரு வாரம்

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு மின்னியலும் காந்தவியலும் கற்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது பாடத்தின் வரிசை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கூலூம் விதி, மின்புலம், காஸ் விதி, மின்னழுத்தம், மின்தேக்கி, மின்னோட்டம், மின்சுற்றுகள், காந்தப்புலம், மின்காந்தத் தூண்டல், இறுதியில் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று பெரும்பாலான பாடநூல்கள் பின்பற்றும் அதே வரிசைதான். அந்த வரிசையை நான் இன்றும் மாற்றவில்லை. மின்தேக்கிக்கும் மின்சுற்றுக்கும் நடுவில் ஒரு வாரத்தை மட்டும் கூடுதலாகச் செருகினேன். அந்த ஒரு வாரம் எதற்காக, அதற்குப் பிறகு வரும் பகுதிகளை அது எவ்வாறு மாற்றியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சில ஆண்டுகளில், நிலைமின்னியல் முடிந்து மின்சுற்றுகள் தொடங்கும் நாளில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். ஒரு மின்கலம், ஒரு சாவி, ஒரு விளக்கு, அவற்றை இணைக்கும் நீண்ட செம்புக் கம்பி. சாவியை மூடியவுடன் விளக்கு ஏன் தாமதமின்றி எரிகிறது? மின்னூட்டம் பெற்ற வளையத்தின் அச்சில் மின்புலத்தைத் தொகையீட்டின் மூலம் பிழையின்றிக் கணக்கிடத் தெரிந்தவர்கள், எலக்ட்ரான்கள் மின்கலத்திலிருந்து புறப்பட்டு ஒளியின் வேகத்தில் விளக்கை அடைகின்றன என்று எழுதினார்கள். வேறு சிலர் மின்னழுத்தம் அவற்றைத் தள்ளுகிறது என்றார்கள். அந்த மின்னழுத்தம் எங்கே இருந்துகொண்டு எதைத் தள்ளுகிறது என்று கேட்டால் பதில் வரவில்லை. ஆறு வாரங்கள் மின்புலத்தைப் பற்றியே பேசிய வகுப்பில், மின்புலம் என்ற சொல் ஒரு விடைத்தாளிலும் இடம்பெறவில்லை. இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. மின்தேக்கியின் கடைசிக் கணக்கை ஒரு வகுப்பில் முடித்துவிட்டு, அடுத்த வகுப்பில் ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதித் தொடங்கியவன் நான்தான். இரண்டும் ஒரே இயற்பியல் என்பதற்கான சான்று எதையும் அவர்களுக்கு நான் காட்டியிருக்கவில்லை.

இப்போது அந்த இடைப்பட்ட வாரம் ஒரு கணக்கோடு தொடங்குகிறது. செம்பில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8.5 × 10²⁸ கட்டற்ற எலக்ட்ரான்கள் உள்ளன. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம், அதாவது கம்பி நெடுகிலும் அவை நகரும் சராசரி வேகம், என்ன என்று கணக்கிடச் சொல்கிறேன். விடை ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் ஓர் எலக்ட்ரான் ஒரு மீட்டரைக் கடக்க மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இந்த எண்ணை நான் சொல்லிவிடுவதில்லை. அவர்களே கண்டுபிடித்து, தசமப் புள்ளியைத் தவறாக வைத்துவிட்டோமோ என்று மறுபடியும் சரிபார்த்து, பக்கத்தில் இருப்பவரின் தாளையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள். நம்பிய பிறகு கேள்வி தானாகவே கூர்மையாகிவிடுகிறது. மின்கலத்தை விட்டுப் புறப்பட்ட எலக்ட்ரான் இன்னும் வழியிலேயே இருக்கிறது என்றால், விளக்கின் இழையில் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களை நகர்த்துவது எது?

கம்பிக்குள் மின்புலம் இருக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்வார். உடனே இன்னொருவர், கடத்திக்குள் மின்புலம் சுழி என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மறுப்பார். இந்த மறுப்புக்காகவே நான் காத்திருக்கிறேன். கடத்திக்குள் மின்புலம் சுழியாவது மின்னூட்டங்கள் நகர்ந்து முடித்து ஓய்வுக்கு வந்த பிறகுதான் என்ற நிபந்தனையை, மூடிய பரப்பின் வழியே செல்லும் மொத்தப் புலத்தின் அளவை (பாயத்தை) உள்ளிருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் காஸ் விதியைப் படிக்கும்போது எல்லோரும் குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள். அது எதற்கான நிபந்தனை என்பது அவர்களுக்கு இந்த வாரத்தில்தான் விளங்குகிறது. மின்கலம் அந்த ஓய்வு ஏற்பட விடாமல் தடுத்துக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் அந்தப் புலத்தை உண்டாக்கும் மின்னூட்டங்கள் எங்கே இருக்கின்றன? மின்கலத்தின் முனைகளில் மட்டும் என்றால், அவற்றுக்கு அருகில் புலம் வலுவாகவும் தொலைவில் உள்ள விளக்கருகே மிக நலிந்தும் இருக்க வேண்டும்; கம்பி வளைந்து நெளிந்து போனாலும் புலம் அதைப் பின்தொடர வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரே பருமனுள்ள கம்பி முழுவதும் மின்னோட்டம் ஒரே அளவாக இருக்கிறது. எனவே கம்பியின் புறப்பரப்பில் மின்னூட்டங்கள் படிந்திருக்கின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி அவற்றின் அடர்த்தி படிப்படியாக மாறுகிறது. அந்த மாற்றமே கம்பிக்குள் நீளவாட்டில் சீரான புலத்தைத் தருகிறது. சாவியை மூடும்போது இந்தப் பரப்பு மின்னூட்டங்கள் மிகச் சிறிதளவே இடம் மாறுகின்றன. அந்த மாற்றத்தின் செய்திதான் ஒரு நானோ வினாடிக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் என்ற ஒளியின் வேகத்தை ஒட்டிப் பரவுகிறது, எலக்ட்ரான்கள் அல்ல.

எவ்வளவு சிறிய மாற்றம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்தப் பாடம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது. முன்பு எடுத்த அதே கம்பியில் மின்னோட்ட அடர்த்தி சதுர மீட்டருக்கு 10⁶ ஆம்பியர். செம்பின் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். ஆகவே கம்பிக்குள் புலம் மீட்டருக்கு வெறும் 0.017 வோல்ட். கம்பி ஓரிடத்தில் செங்கோணத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நேராக வரும் புலத்தின் பாயத்தை அந்த மூலையில் நிறுத்திப் பக்கவாட்டில் திருப்ப எவ்வளவு மின்னூட்டம் தேவை என்று காஸ் விதியைக் கொண்டு மதிப்பிட்டால், 1.5 × 10⁻¹⁹ கூலூம் என்று வருகிறது. ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம். ஒரு வினாடிக்கு அறுபதாயிரம் கோடிக் கோடிக்கும் அதிகமான எண்ணிக்கையில், அதாவது 6 × 10¹⁸ எலக்ட்ரான்கள் கடந்து செல்லும் ஒரு மூலையில், அவை அனைத்தையும் புதிய திசையில் திருப்ப ஏறத்தாழ ஒரே ஓர் எலக்ட்ரானின் அளவு மின்னூட்டம் போதும். இது தோராய மதிப்பீடுதான் என்றாலும், நிலைமின் விசை எவ்வளவு பெரியது என்பதை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு கூலூம்களுக்கு இடையே 9 × 10⁹ நியூட்டன் விசை என்ற வழக்கமான எடுத்துக்காட்டை விட இது நன்றாக உணர்த்துகிறது என்பது என் அனுபவம். முதல் வாரத்தில் படித்த விசை ஏழாவது வாரத்தில் ஒரு சாதாரணக் கம்பியின் மூலையில் வேலை செய்துகொண்டிருப்பதை மாணவர்கள் அப்போது காண்கிறார்கள்.

இந்த வாரத்துக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்ததால் வேறு சிலவற்றைக் குறைத்தேன். சிக்கலான மின்தடை வலைப்பின்னல்களைச் சுருக்கும் கணக்குகள் பாதியாகக் குறைந்தன. அவற்றில் இயற்பியல் குறைவு, பொறுமையே அதிகம். காஸ் விதிக்கான நேரத்தை மட்டும் நான் குறைக்கவில்லை. மூடிய பரப்புக்கு வெளியே உள்ள மின்னூட்டம் அந்தப் பரப்பின் மேல் புலத்தை உண்டாக்காது என்று நினைப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கணிசமாக இருக்கிறார்கள். வெளி மின்னூட்டம் புலத்துக்குப் பங்களிக்கிறது, மொத்தப் பாயத்துக்குத்தான் பங்களிப்பதில்லை என்ற வேறுபாட்டை எண்கள் இல்லாத கேள்விகளால் மட்டுமே நிலைநிறுத்த முடிகிறது. சமச்சீர் இல்லாத இடத்திலும் காஸ் விதி உண்மையே, ஆனால் அங்கே அதைக் கொண்டு புலத்தைக் கண்டுபிடிக்க இயலாது என்பதையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். விதி உண்மையாக இருப்பதும் அது பயன்படுவதும் வேறு வேறு என்பது பதினெட்டு வயதில் எளிதில் பிடிபடுவதில்லை.

செய்முறைக் காட்சிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் நிலைமின்னியல் சோதனைகள் பெரும்பாலும் கைவிட்டுவிடும். காப்புப் பொருள்களின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் வழியே மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. மின்காட்டியின் இலைகள் விரியாமல் கிடந்த ஒரு வகுப்பில், இப்படித்தான் விரிந்திருக்க வேண்டும் என்று வாயால் சொல்லி நான் கடந்துபோனேன். இன்று அதைச் செய்ய மாட்டேன். ஏன் விரியவில்லை என்பதே நல்ல பாடம். உலர்ந்த சூடான காற்றை ஊதிக் காப்புக் கம்பியைக் காயவைத்து, மறுபடியும் முயன்று, வேறுபாட்டைக் காட்டப் பத்து நிமிடம் போதும். அதோடு, எந்தக் காட்சிக்கும் முன்பாக என்ன நடக்கும் என்பதை ஒவ்வொருவரும் தாளில் எழுதிவிட வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறேன். எழுதாமல் பார்ப்பவர், தான் முன்பே அப்படித்தான் நினைத்ததாகப் பிறகு உண்மையாகவே நம்பிவிடுகிறார்.

காந்தப்புலப் பகுதியில் நான் விரைவாகவே செல்கிறேன். 1820இல் ஓர்ஸ்டெட் மின்னோட்டக் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்ட சோதனையை மாணவர்களே செய்கிறார்கள். மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தைத் தரும் பயட்-சாவர்ட் விதியும் ஆம்பியரின் சுற்று விதியும், கூலூம் விதிக்கும் காஸ் விதிக்கும் இணையாக நிற்பதால் கணிதம் ஓரளவு பழகியதாகவே இருக்கிறது. தடுமாற்றம் முழுவதும் திசையில்தான். வலக்கையை விடைத்தாளின் மேல் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தூண்டலுக்கு, அதாவது மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் பகுதிக்கு, வரும்போது மீண்டும் நிதானிக்கிறேன். 1825இல் கொலாடன் என்பவர், மின்னோட்டத்தை ஊசியால் காட்டும் தன் கால்வனோமீட்டரைக் காந்தம் நேரடியாகப் பாதித்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு அந்தக் கருவியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, காந்தத்தைச் சுருளுக்குள் செலுத்திய பின் நடந்து சென்று பார்த்தார். ஊசி அதற்குள் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே இரும்பு வளையத்தில் சுற்றிய இரண்டு சுருள்களைக் கொண்டு, மின்சுற்றை மூடும் கணத்திலும் திறக்கும் கணத்திலும் மட்டுமே ஊசி துள்ளுவதைக் கண்டார். நிலையான காந்தம் நிலையான மின்னோட்டத்தைத் தரும் என்று எதிர்பார்க்கும் மாணவருக்கு, அதே எதிர்பார்ப்போடு பெரிய ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள் என்பதைச் சொல்வது நியாயம் என்று கருதுகிறேன்.

பிறகு இரண்டு வோல்ட்மீட்டர் சோதனை. 100 ஓம் மின்தடை ஒன்றும் 900 ஓம் மின்தடை ஒன்றும் சேர்ந்த ஒரு வளையம். அதன் நடுவே நீண்ட வரிச்சுருள். அதில் காந்தப்பாயம் மாறும்போது வளையத்தில் ஒரு கணத்தில் 1 வோல்ட் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. மின்தடைகள் சந்திக்கும் அதே இரண்டு புள்ளிகளில், இடப்பக்கத்திலிருந்து ஒரு வோல்ட்மீட்டரையும் வலப்பக்கத்திலிருந்து இன்னொன்றையும் இணைத்தால், ஒன்று 0.1 வோல்ட்டும் மற்றது எதிர்க்குறியோடு 0.9 வோல்ட்டும் காட்டுகின்றன. இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரே மின்னழுத்த வேறுபாடுதானே இருக்க முடியும் என்று வகுப்பில் எழும் குரல் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது, ஏனெனில் அதுவரை படித்ததை அவர் உண்மையாகவே நம்புகிறார் என்று அதற்குப் பொருள். மாறும் காந்தப்பாயம் உண்டாக்கும் மின்புலத்துக்கு மின்னூட்டத்தில் தொடக்கமும் முடிவும் இல்லை. அது தன்னைத்தானே சுற்றி மூடிக்கொள்கிறது. ஆகவே எந்தப் பாதை வழியாக அளந்தோம் என்பதைச் சொல்லாமல் வோல்ட் கணக்குச் சொல்ல முடியாது. கம்பிக்குள் இருக்கும் புலத்தைப் பற்றி ஒரு வாரம் யோசித்தவர்களால் இதை ஏற்றுக்கொள்ள முடிகிறது. அந்த வாரத்தைச் சேர்ப்பதற்கு முன்பு, இதை அளவியின் பிழை என்று ஒதுக்கியவர்களே அதிகம்.

பருவத்தின் கடைசி வீட்டுக் கணக்காக மீண்டும் அதே செம்புக் கம்பியைத்தான் கொடுக்கிறேன். கம்பியின் நீளவாட்டில் மின்புலம், அதைச் சுற்றி வட்டமாகக் காந்தப்புலம். இரண்டிலிருந்தும், ஆற்றல் பாயும் அளவையும் திசையையும் காட்டும் பாய்ண்டிங் வெக்டரை எழுதி, ஆற்றல் எந்தத் திசையில் பாய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெக்டர் கம்பியின் வெளியிலிருந்து உள்நோக்கி, அச்சை நோக்கிச் சுட்டுகிறது. அதைப் பக்கப்பரப்பு முழுவதும் கூட்டினால் மின்னழுத்த வேறுபாட்டையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் அதே திறன் கிடைக்கிறது. கம்பியைச் சூடாக்கும் ஆற்றல் கம்பிக்குள் ஓடிவராமல், சுற்றியுள்ள வெளியிலிருந்து பக்கவாட்டில் நுழைகிறது. சென்ற பருவத்தில் ஒரு மாணவி விடையைச் சரியாக எழுதிவிட்டு, அதன் கீழே, அப்படியானால் மின்கலத்திலிருந்து புறப்படும் ஆற்றலுக்கு வழிகாட்டுவது கம்பியின் மேலுள்ள அந்தப் பரப்பு மின்னூட்டங்கள்தானா என்று கேட்டிருந்தார். ஆம் என்று எழுதி, மின்கலத்தையும் விளக்கையும் புலக்கோடுகளையும் வரைந்து தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் படத்தை அடுத்த பருவத்தில் ஏழாவது வாரத்திலேயே வரைந்து தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.