செலவுக்கு டேக் போடும்போது கூட்டல் ஏன் இடிக்கிறது

பயணம், வாடகை, விளம்பரம், அச்சு என்று பேரேட்டில் இருக்கும் தலைப்புகள் எதற்குப் பணம் போனது என்று சொல்கின்றன. லாப நஷ்டக் கணக்கும் வரிக் கணக்கும் அவற்றை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. எந்த வேலைக்காக, எந்தக் கிளைக்காக, யார் பொறுப்பில் போனது என்பதைச் சொல்லத்தான் டேக், அதாவது பதிவில் ஒட்டும் அடையாளச் சொல். தலைப்பிலும் 'பயணம்', டேக்கிலும் 'பயணம்' என்று போட்டால் அந்த டேக் வீண். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயணத் தலைப்பு, தனித்தனி அச்சுத் தலைப்பு என்று திறப்பது அதைவிட மோசம். 10 வாடிக்கையாளர், 5 வகைச் செலவு என்றாலே 50 தலைப்பு. டேக் இருந்தால் 5 தலைப்பும் 10 டேக்கும் போதும்.

டேக்குகளைக் குழுவாகப் பிரிக்காமல் ஒரே குவியலாக வைத்தால் அறிக்கை கெடும். 10,000க்கு ஒரு பில், அதில் ஒரு புராஜெக்ட் டேக், ஒரு கிளை டேக். டேக் வாரியாகக் கூட்டினால் 20,000 என்று வரும். அதனால் குழுவுக்கு ஒரு கேள்வி (எந்தப் புராஜெக்ட், எந்தக் கிளை என்பது போல), ஒவ்வொரு பதிவுக்கும் அந்தக் குழுவில் ஒரே பதில் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கையையும் குழுக் குழுவாகத்தான் எடுக்க வேண்டும். மூன்று குழுவுக்கு மேல் வேண்டாம். நான்காவதை யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை. ஸீரோ என்ற கணக்கு மென்பொருள் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்களை மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கிறது, பெரும்பாலான சிறு தொழில்களுக்கு அதுவே தாராளம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் டேக்கின் வேலையைக் காஸ்ட் சென்டர் செய்கிறது, குழுவின் பெயர் காஸ்ட் கேட்டகரி. அங்கே ஒரு லெட்ஜருக்கு (பேரேட்டுத் தலைப்புக்கு) காஸ்ட் சென்டர் பொருந்தும் என்று அமைக்காவிட்டால் என்ட்ரி போடும்போது அது கேட்கவே கேட்காது. செலவு டேக் இல்லாமலே உள்ளே போய்விடும்.

எக்செல்லில் கணக்கு வைப்பவர்கள் எல்லா டேக்கையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு அடைக்கக் கூடாது. அப்படி அடைத்தால் நட்சத்திரக் குறி போட்டுத்தான் தேட முடியும், புராஜெக்ட் எண் 'பி1' என்று தேடினால் 'பி10', 'பி12' எல்லாம் சேர்ந்து கூடிவிடும். குழுவுக்கு ஒரு நெடுவரிசை வையுங்கள், எண்களை பி01, பி02 என்று ஆரம்பத்திலிருந்தே இரண்டு இலக்கமாக எழுதுங்கள். டேக்கைக் கையால் தட்டாமல் டேட்டா வேலிடேஷன் (கட்டத்தில் எதை நிரப்பலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். பெயரின் கடைசியில் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்தாலும், நிபந்தனைப்படி கூட்டும் சம்இஃப்ஸ் சூத்திரம் அதை வேறு டேக்காகத்தான் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும்.

ஒரே பில் பல வேலைகளுக்கு என்றால் தனித்தனி வரிசைகளாகப் பிரித்து, வரிசைக்கு ஒரு டேக் போட வேண்டும். 10,000ஐ மூன்றாகப் பிரித்தால் 3,333.33 இரண்டு முறை, கடைசி வரிசை 3,333.34. மூன்றிலும் 3,333.33 என்றே போட்டால் ஒரு பைசா இடிக்கும்.

பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வந்தால், அந்த வரவுக்கும் பழைய செலவின் டேக்கே வர வேண்டும். இதை மறந்தால் அந்த வேலையின் செலவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும், அடுத்த முறை விலை சொல்லும்போது அந்தத் தவறான எண்தான் கணக்கில் வரும். கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டும் பதிவுக்கு டேக் கூடாது. கார்டில் வாங்கியபோதே ஒவ்வொன்றுக்கும் போட்டாயிற்று, மறுபடி போட்டால் செலவு இரட்டிக்கும்.

தானாக டேக் போடும் விதிகள் ஒரே வேலைக்கு மட்டும் பில் அனுப்பும் கடைக்காரருக்குப் பொருந்தும். எல்லா வேலைக்கும் சாமான் வாங்கும் கடைக்கு விதி எழுதினால் தவறான டேக் சத்தமில்லாமல் ஏறும். டேக் இல்லாத பதிவைத் தேடிப் பிடித்துவிடலாம், தவறான டேக்கை அப்படிப் பிடிக்க முடியாது.

மாதக் கடைசியில் குழுவாரியாகக் கூட்டி, 'டேக் இல்லை' என்ற வரிசையையும் சேர்த்து, மொத்தத்தை லாப நஷ்டக் கணக்கின் செலவோடு ஒப்பிடுங்கள். எண் ஒன்றாக இல்லாமல் அறிக்கையை யாருக்கும் அனுப்பாதீர்கள். எல்லாருக்கும் பொதுவான செலவுக்கு 'பொது' என்று ஒரு டேக் வையுங்கள். வேண்டுமென்றே பொதுவில் வைத்தது எது, போட மறந்தது எது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

முடிந்துபோன புராஜெக்டின் டேக்கை அழிக்காமல் செயலிழக்க மட்டும் செய்யுங்கள். பில்கள் தாமதமாக வந்துகொண்டுதான் இருக்கும், போன வருட அறிக்கையையும் யாராவது மறுபடி கேட்பார்கள்.