வாய் அசையவில்லை

காலையில் கொட்டிலுக்குள் போனதும் முதலில் பார்த்தது அதன் வாயைத்தான். அசையவில்லை.

மற்ற ஆடுகள் படுத்தபடி அசைபோட்டுக்கொண்டிருக்க, இது மட்டும் தலையைத் தொங்கப்போட்டு ஓரமாக நின்றது. இடது பக்க வயிறு உப்பியிருந்தது.

ராத்திரி தானிய மூட்டையில் வாய் வைத்திருக்கிறது. மூட்டையைச் சரியாகக் கட்டாதது நான்தான், வேறு யார்!

தானியத்தை அள்ளிப் போடுவதுதான் பாசம் என்று நினைத்திருந்த ஆள் நான். ஆட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் தழையையும் நாரையும் செரிக்கப் பழகியவை. திடீரென்று மாவுச்சத்து குவிந்தால் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்து. கூட்டுவதென்றால் நாள்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

கால்நடை மருத்துவர் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் காய்ந்த புல்லை முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, கழுத்துக்குள் ஒரு சின்ன உருண்டை மேலே ஏறியது.

தாடை மெல்ல அசைந்தது.