விட்டமா, ஆரையா: இரண்டு தடவை எழுதிய வானியல் பரீட்சை

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாளும் போனைத் திறந்து திறந்து, பட்டியலில் என் சுட்டெண் இன்னும் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. அடுத்த சுற்றுக்குத் தெரிவாகியிருக்கிறேன். போன வருடம் இதே மாதிரிப் பட்டியலில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடிக் கிடைக்காமல் போன எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் எல்லாம் சுகமாக நடந்த மாதிரி எழுதிவிடுவேன்.

எத்தனை பகுதி, எத்தனை மணித்தியாலம், எதற்கு எவ்வளவு புள்ளி என்பதெல்லாம் இந்தப் பரீட்சையை எழுதப்போகிற உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு, சிறுகோள், வால்வெள்ளி, விண்கலப் பயணங்கள் பற்றிய பகுதியை மட்டும் சொல்கிறேன். என்னைக் கவிழ்த்ததும் அதுதான், தூக்கிவிட்டதும் அதுதான்.

போன வருடக் கேள்வி இது: 490 மீற்றர் விட்டம், அடர்த்தி கனமீற்றருக்கு 1190 கிலோகிறாம் உள்ள ஒரு சிறுகோள். திணிவு என்ன, மேற்பரப்பில் ஈர்ப்பு ஆர்முடுகல் என்ன, தப்பல் வேகம் (மேலே போனது திரும்பி விழாமல் இருக்கத் தேவையான மிகக் குறைந்த வேகம்) என்ன, செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர் வேகத்தில் மேலெழும் ஒரு விண்கலம் திரும்பி விழுமா, கடைசியில் அந்தச் சிறுகோள் சிதறாமல் சுழலக்கூடிய மிகக் குறைந்த காலம் என்ன. பெயர் போடவில்லை, ஆனால் இலக்கங்களைக் கண்டதுமே பெனு என்று பிடித்துவிட்டேன். அங்கேதான் பிழை தொடங்கியது. பெனுவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். அங்கே போன நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2016 செப்ரெம்பர் 8 புறப்பட்டது, 2018 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது, 2020 ஒக்ரோபர் 20 மண் எடுத்தது, 2023 செப்ரெம்பர் 24 அந்த மண் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. இதில் ஒன்றையும் கேட்கவில்லை. ஆனாலும் பெனுவை அடையாளம் கண்ட சந்தோசத்தில் 490ஐ அப்படியே ஆரையின் இடத்தில் போட்டுக் கணக்கை ஓடவிட்டேன்.

ஆரை இரண்டு மடங்கானால் கனவளவு எட்டு மடங்கு. திணிவு 7.3 × 10¹⁰ கிலோகிறாம் வரவேண்டிய இடத்தில் 5.9 × 10¹¹ வந்தது. தப்பல் வேகம் 20 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 40. ஆகவே 30இல் போகிற கலம் திரும்பி விழும் என்று எழுதி, அதற்கு விளக்கம் வேறு நாலு வரி. உண்மையில் அது திரும்பவே திரும்பாது.

தப்பியது ஒரே ஒரு பகுதி, கடைசிப் பகுதி. சுழற்சிக் காலத்துக்குச் சமன்பாடு எழுதினால் ஆரை வெட்டுப்பட்டுப் போய்விடும், அடர்த்தி மட்டும்தான் மிஞ்சும், விடை ஏறக்குறைய 3 மணித்தியாலம். ஆரையே இல்லாத இடத்தில்தான் எனக்குப் புள்ளி விழுந்திருக்கிறது.

பிழை தெரியவந்தது பஸ்ஸில். மட்டக்களப்பில் பரீட்சை எழுதிவிட்டுத் திருக்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கல்லடிப் பாலம் தாண்டும்வரை நான்தான் பெரிய ஆள் மாதிரிக் கதைத்துக்கொண்டு வந்தேன். காத்தான்குடிக்குள் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த கூட்டாளி, "நீ 245தானே போட்டாய் மச்சான்?" என்று சாதாரணமாகக் கேட்டான். ரிக்கெற்றின் பின்பக்கத்தில் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ் குலுங்கிய குலுக்கில் 2, 4, 5 மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. களுவாஞ்சிகுடி வருவதற்குள் விடை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கரைப்பற்றுவரை நான் வாய் திறக்கவில்லை.

ஆகவே முதலாவது, இரண்டாவது, மூன்றாவது அறிவுரை எல்லாம் ஒன்றுதான்: கேள்வியில் "விட்டம்" என்ற சொல்லைக் கண்டால் வேறு எதையும் வாசிக்காமல் பென்சிலால் வட்டம் போடுங்கள், பக்கத்தில் பாதியை எழுதுங்கள், பிறகு வாசியுங்கள். விண்வெளி நிறுவனங்கள் சிறுகோளின் பருமனைப் பெரும்பாலும் விட்டமாகத்தான் சொல்லும். நாம் மனதில் வைத்திருப்பதும் அதைத்தான். சூத்திரம் கேட்பதோ ஆரையை. இதைச் சின்ன விசயம் என்று நினைக்கிறவர்களுக்கு, எனக்கு அதன் விலை ஒரு முழு வருடம்.

சேரிடம் போய்ச் சொன்னபோது அவர் ஏசவில்லை. "விட்டம் எண்டா பாதி, பாதி எண்டா எட்டிலொண்டு. படத்தைக் கீறு மனே, ஆரையைக் குறிச்சிட்டு என்னட்ட வா" என்றார். கீறிக்கொண்டு போனேன். அடுத்த கேள்வி கேட்டார்: பெனுவில் 15 மீற்றர் உயரத் தென்னை நிற்கிறது, தேங்காய் விழ எவ்வளவு நேரம்? ஈர்ப்பு ஆர்முடுகல் 8.1 × 10⁻⁵ என்று போட்டால் சுமார் 10 நிமிடம் வருகிறது. நம் வளவில் இரண்டு செக்கன்கூட இல்லை. பெனுவில் தேங்காய் காம்பு விடுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்துவிட்டு வந்து கையில் ஏந்தலாம். அதுவும் துருவப் பக்கத்தில் நின்றால்தான். பெனு 4.3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சுற்றுவதால் மத்திய கோட்டில் ஈர்ப்பின் பாதியைச் சுழற்சியே தின்றுவிடுகிறது.

இந்தத் தேங்காய்க் கணக்குக்குப் பிறகுதான் விண்கலப் பயணங்களை நான் பாடமாக்குவதை நிறுத்தினேன். ஏன் எல்லாரும் விசித்திரமான முறைகளில் மண் எடுத்தார்கள் என்பது தன்பாட்டில் விளங்கிவிட்டது. அங்கே நிற்கவே முடியாது. 70 கிலோகிறாம் திணிவுள்ள ஆளின் நிறை, பூமியில் அரைக் கிறாம் சொச்சப் பொருளின் நிறைதான். அப்பா வயலில் வரம்பு வெட்டும்போது மண்வெட்டி மண்ணுக்குள் இறங்குவது அவரைப் பூமி கீழே பிடித்து வைத்திருப்பதால். பெனுவில் ஒரு கொத்துக் கொத்தினால் அவர் மேலே போவார், திரும்பியும் வரமாட்டார்.

இதை வைத்துக்கொண்டு பாருங்கள். 2014 நவம்பர் 12 ரொசெற்றா விண்கலத்திலிருந்து பிரிந்த ஃபிலே என்ற சின்ன இறங்குகலம் 67பி வால்வெள்ளியில் செக்கனுக்கு ஏறக்குறைய 1 மீற்றர் வேகத்தில் போய் முட்டியது. நிலத்தில் குத்திப் பிடிக்கவேண்டிய ஈட்டிகள் சுடவில்லை. எம்பி எழுந்து, கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் மிதந்து, இறங்கவேண்டிய இடத்தைவிட்டு எங்கோ ஒரு பாறை நிழலில் போய் ஒதுங்கியது. ஜப்பானின் ஹயபுசா-2 கலம் இறங்கி நிற்க முயலவே இல்லை. றியுகு சிறுகோளைக் குழாயால் தொட்ட கணத்தில் உள்ளே ஒரு சின்னக் குண்டைச் சுட்டு, தெறித்ததைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒசைரிஸ்-ரெக்ஸ் நைதரசன் வாயுவை ஊதியது. மேற்பரப்பு இறுக்கமே இல்லாததால் கை அரை மீற்றர் உள்ளே போனது, கற்கள் மூடியில் சிக்கி, மூடி மூடாமல், அள்ளிய மண்ணில் கொஞ்சம் விண்வெளியில் சிந்தியது. பூமிக்கு வந்த பிறகும் 35 திருகாணிகளில் இரண்டு கழலாமல் அடம்பிடித்து, 2024 ஜனவரியில்தான் முழுதாகத் திறந்தார்கள். ஏறக்குறைய 620 கோடி கிலோமீற்றர் ஓடிய கலத்துக்குக் கடைசியில் போத்தல் மூடிப் பிரச்சினை. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும், பரீட்சையில் வராது.

வரக்கூடியவை, எந்த ஒழுங்கும் இல்லாமல்:

- அடர்த்தியைக் கன சென்ரிமீற்றருக்குக் கிறாமில் தந்தால் 1000ஆல் பெருக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.
- சுழற்சி எல்லை. சரளைக் குவியல் மாதிரியான சிறுகோள்களில் ஏறக்குறைய 2.2 மணித்தியாலத்துக்குக் குறைவாகச் சுழல்பவை ஏன் அரிது என்று கேட்பார்கள். சமன்பாட்டை எழுதிவிட்டுப் பேசுங்கள்.
- கிர்க்வூட் இடைவெளி, அதாவது சிறுகோள் பட்டியில் சிறுகோள்கள் அரிதாக உள்ள தூரங்கள். 2.5 வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம்தான் ஓர் அலகு) ஏன் வெறுமை? கெப்ளரின் மூன்றாம் விதியைப் போட்டால் வியாழனோடு 3:1 வந்துவிடும், அதாவது வியாழன் ஒரு தடவை சுற்றுவதற்குள் அங்கே உள்ளது மூன்று தடவை சுற்றும்.
- தூரம் வேறு, செலவு வேறு. எரிபொருளைத் தீர்மானிப்பது வேக மாற்றம். சில பூமி அண்மைச் சிறுகோள்களுக்குப் போய்ச் சேருவது சந்திரனில் இறங்குவதைவிட மலிவு.
- ரொசெற்றா 2004 மார்ச்சில் புறப்பட்டு 2014 ஓகஸ்ற்றில் சேர்ந்தது. ஏன் பத்து வருடம்? பூமியிடம் மூன்று தடவையும் செவ்வாயிடம் ஒரு தடவையும் ஈர்ப்பு உந்துதல் வாங்கிக்கொண்டு போனதால்.
- விட்டம்.

சிறுகோளின் பாதையை மாற்றிப் பார்க்க நாசா வேண்டுமென்றே மோதவிட்ட டார்ட் கலம் பற்றித் தனியாக ஒரு சொல், ஏனென்றால் என்னோடு எழுதிய பலர் அதில் வழுக்கினார்கள். 2022 செப்ரெம்பர் 26 சுமார் 570 கிலோகிறாம் கலம் செக்கனுக்கு 6 கிலோமீற்றர் சொச்ச வேகத்தில் டிமோர்ஃபஸ் என்ற சின்னச் சிறுகோளில் மோதியது. அது தன் பெரிய துணையைச் சுற்றும் காலம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 32 நிமிடம் குறைந்தது. வெற்றி என்று சொல்ல 73 செக்கன் குறைந்திருந்தாலே போதும் என்று வைத்திருந்தார்கள். உந்தக் காப்பு என்று ஒற்றை வரியில் எழுதினால் விடை சிறியதாகத்தான் வரும். மோதலில் பின்னோக்கித் தெறித்த புழுதியும் கல்லும் தங்கள் பங்குக்கு எதிர்த்திசையில் தள்ளுகின்றன, அந்தத் தள்ளல் கலம் கொண்டுவந்த உந்தத்தைவிடப் பெரியது. தெறித்ததைச் சேர்க்காவிட்டால் பாதிப் புள்ளிகூடத் தேறாது.

இனிக் கட்டுரை. இந்த வருடம் வந்தது: சிறுகோள்களில் சுரங்கம் தோண்டுவது பயன் தருமா? தொண்ணூறு வீதமான ஆட்கள் பிளாற்றினம், தங்கம், இத்தனை இலட்சம் கோடி டொலர் என்று தொடங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். போன வருடமாக இருந்தால் நானும் அப்படித்தான். சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் திருக்கோவில் கடற்கரையில் இழுத்துக்கொண்டு திரிவோம். கறுப்பு மணல் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், அதைச் சுரண்டிப் பழைய பால்மா ரின்னில் சேர்ப்போம். ஒரு ரின் நிரம்பியதும் நாங்கள் பணக்காரர்கள் என்று நம்பியிருந்தோம். யாரும் வாங்கவில்லை. கட்டுரையைத் தொடங்குமுன் அந்த ரின்தான் ஞாபகம் வந்தது. ஒரு பொருள் எங்கே கிடக்கிறது என்பதைவிட எங்கே தேவைப்படுகிறது என்பதுதான் விலை.

அதனால் தண்ணீரை எழுதினேன். றியுகு, பெனு மாதிரிக் கரிமச் சிறுகோள்களின் கனிமங்களுக்குள் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரித்தால் ஐதரசன், ஒட்சிசன், அதாவது ரொக்கெற் எரிபொருள். பூமியிலிருந்து அதே தண்ணீரைத் தூக்குவதென்றால் செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் தப்பல் வேகமுள்ள ஈர்ப்புக் குழிக்குள்ளிருந்து தூக்க வேண்டும். பெனுவில் அது 20 சென்ரிமீற்றர். பிறகு எதிர்ப்பக்கம்: இதுவரை மண்ணாகக் கொண்டுவந்தது எவ்வளவு? முதல் ஹயபுசா வெறும் துகள்கள், ஹயபுசா-2 கொண்டுவந்தது 5.4 கிறாம், ஒசைரிஸ்-ரெக்ஸ் 121.6 கிறாம். ஒரு பிடி அரிசிகூட அதைவிடப் பெரிதாக வித்தியாசப்படாது. சிறுகோள் சுரங்கம் என்று 2010களில் பெரிதாக அறிவித்த பிளானற்றரி றிசோர்சஸ், டீப் ஸ்பேஸ் இன்டஸ்ற்றீஸ் இரண்டும் 2019 ஜனவரிக்குள் வேறு நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன. உலோகம் நிறைந்ததாகக் கருதப்படும் சைக்கி சிறுகோளுக்கு 2023 ஒக்ரோபர் 13 கிளம்பிய கலம் 2029இல்தான் போய்ச் சேரும், அதுவும் பார்க்கத்தான், தோண்ட அல்ல.

சட்டத்துக்கு ஒரு பந்தி கட்டாயம் ஒதுக்குங்கள். 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் உறுப்புரை எந்த நாடும் வானத்துப் பொருளைத் தனதாக்க முடியாது என்கிறது. அமெரிக்கா 2015இலும் லக்சம்பேர்க் 2017இலும், எடுத்த பொருள் எடுத்தவருக்குச் சொந்தம் என்று சட்டம் போட்டன. கடல் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்த மீன் பிடித்தவனுக்கு என்பார்களே, அந்த வாதம். ஆனால் எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சண்டை மீனில் வருவதில்லை. கரைவலை போடுகிற பாடு, அதாவது வலை இழுக்கிற இடம், யாருடையது என்பதில்தான் வரும். ஒரே சிறுகோளின் ஒரே மூலைக்கு இரண்டு கலம் போனால் எது ஒதுங்குவது? அந்தக் கேள்வியோடு அந்தப் பந்தியை நிறுத்தினேன், விடை எழுதவில்லை. புள்ளி குறைந்திருக்காது என்று நினைக்கிறேன்.

படிக்கிற முறை பற்றிக் கேட்கிறவர்களுக்கு: விடிய நாலு மணிக்கு எழும்புகிற கூட்டத்தில் நான் இல்லை, இரவு பத்துக்குப் பிறகுதான் எனக்கு மூளை திறக்கும். குழுவாகப் படிப்பதும் எனக்குச் சரிவராது, கதைதான் கூடும். ஒரு நாளைக்கு ஒரு சிறுகோள் எடுத்து அதன் ஈர்ப்பு ஆர்முடுகல், தப்பல் வேகம், தேங்காய் விழும் நேரம் மூன்றையும் கணிப்பேன், அவ்வளவுதான். மழைக்காலத்தில் கரன்ற் இல்லாத இரவுகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இற்றோகாவா, ஈரோஸ், வெஸ்ற்றா என்று முப்பதுக்கு மேல் செய்து முடித்திருந்தேன். கொப்பியில் எல்லாப் பக்கத்திலும் மேல் மூலையில் ஒரு வட்டம், உள்ளே "விட்டம்".

இந்த வருடக் கணக்கில் "சராசரி ஆரை" என்று நேரடியாகவே தந்திருந்தார்கள். கை கேட்குமா? வட்டம் போட்டு, பக்கத்தில் பாதியையும் எழுதி, திணிவுவரை கணித்தும் விட்டேன். விடை எட்டு மடங்கு சின்னதாக இருந்ததைப் பார்த்தபோதுதான் கேள்வியைத் திரும்ப வாசித்தேன். அழிறப்பர் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் தாள் கொஞ்சம் கிழிந்துபோனது. கிழிந்ததற்குக் கீழே சரியான விடையை எழுதிவிட்டு, மேற்பார்வையாளர் பார்க்கிறாரா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன்.