அம்மாவின் பெயரைத் திருத்திய பதினான்கு மாதங்கள்

அப்பா 1972-இல் பட்டாளத்தில் சேர்ந்து 1996-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்றார். வேலூருக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்திருப்பார். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற வட்டாரம் இது. அதனால் பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் என்ற சொற்கள் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவற்றுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து படித்தவர்கள்தான் குறைவு. நாங்களும் படிக்கவில்லை.

வங்கி வழியாக வந்துகொண்டிருந்த அப்பாவின் ஓய்வூதியம், 2023-இல் ஸ்பர்ஷ் என்ற இணையவழி முறைக்கு மாறியது. விவரங்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். திரையில் மனைவி பெயர் என்ற இடத்தில் ‘பவானி தேவி’ என்று இருந்தது. பிறந்த தேதி 1963 ஜனவரி 1. அம்மாவின் பெயர் பவுனம்மாள். பிறந்தது 1960-இல்.

நடந்தது இதுதான். 1981-இல் விடுப்பில் வந்து திருமணம் முடித்துத் திரும்பிய அப்பாவிடம், அவருடைய யூனிட்டில் இருந்த எழுத்தர் மனைவியின் பெயரைக் கேட்டிருக்கிறார். அப்பா வீட்டில் கூப்பிடுவது போலவே ‘பவுனு’ என்று சொல்லியிருக்கிறார். அந்த எழுத்தர் வடக்கே எங்கோ பிறந்தவர். பவுன் என்றால் தங்கம், அது ஒரு பெண்ணின் பெயராக இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? காதில் விழுந்ததைப் பவானி என்று எழுதி, தம் ஊர் வழக்கப்படி தேவியையும் சேர்த்துவிட்டார். வயது கேட்டதற்கு அப்பா உத்தேசமாகப் பதினெட்டு என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அப்போது இருபத்தொன்று.

ராணுவத்தில் ஒருவருக்குத் திருமணமானாலும் குழந்தை பிறந்தாலும் அது யூனிட்டின் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் வெளியாகும். அதன் நகல் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய்ப் பணிப் பதிவேட்டில் ஏறும். அங்கிருந்து டிஸ்சார்ஜ் புக்குக்கும், அதன் பிறகு பி.பி.ஓ.வுக்கும் வரும். ஒரு நாள் காலையில் தவறாகக் கேட்ட ஒரு சொல் இப்படித்தான் நாற்பத்திரண்டு ஆண்டுகள் பயணம் செய்தது. எங்களுக்கு இது அரைகுறையாகத் தெரிந்தும் இருந்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ‘பவானி தேவி’ என்று அழைத்தால் அம்மா பேசாமல் எழுந்து போவார். அதை நாங்கள் அத்தனை ஆண்டுகள் சகித்துக்கொண்டதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

இனியும் விட முடியாது என்று தோன்றியதற்கு எங்கள் தெருவில் நடந்த ஒன்று காரணம். கணவரை இழந்த ஒரு அத்தைக்கு, பி.பி.ஓ.வில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் இருந்ததால் குடும்ப ஓய்வூதியம் தொடங்கவே இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கையெழுத்துப் போட்டு ‘இவள்தான் என் மனைவி’ என்று சொல்ல வேண்டிய மனிதர் உயிரோடு இல்லையே. அப்பாவுக்கு அப்போது எழுபது வயது. அவர் கை நடுங்காமல் கையெழுத்துப் போடும்போதே இதை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பிறந்த தேதியும் சின்ன விஷயமல்ல. குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு எண்பது வயதானால் இருபது சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். எண்பத்தைந்தில் அது முப்பது, தொண்ணூறில் நாற்பது என்று ஏறும். பதிவேட்டில் மூன்று வயது குறைந்திருந்தால் அந்தக் கூடுதல் தொகை மூன்று ஆண்டுகள் தள்ளிப்போகும்.

முதலில் நாங்கள் போன சேவை மையத்தில் ஒரு குறுக்குவழி சொன்னார்கள். ஆதாரில் அம்மாவின் பெயரைப் பவானி தேவி என்று மாற்றிவிட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் பொருந்திவிடுமாம். அலைச்சலுக்கு அஞ்சி அப்பா சரி என்றே சொல்லிவிட்டார். அம்மா மட்டும் அசையவில்லை. “என் அப்பா வைத்த பெயர் இது. தாளில் தப்பு இருந்தால் தாளைத் திருத்துங்கள்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆதாரை மாற்றியிருந்தால் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு, அம்மா பெயரில் இருக்கும் அரை ஏக்கர் நிலத்தின் பட்டா என்று அத்தனையும் பொருந்தாமல் போயிருக்கும்.

வேலூரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில்தான் சரியான வழி தெரிந்தது. திருத்தம் வேரிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். வேர் என்பது ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டனில், சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூரில் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக உண்டு. அங்கே பதிவேட்டைத் திருத்தி, புதிதாக ஒரு பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து திருத்திய பி.பி.ஓ. வரும்.

சான்றுகளில் எங்களை அதிகம் அலைய வைத்தது பிறந்த தேதிதான். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தவர். சான்றிதழ் எதுவும் கையில் இல்லை. தலைமையாசிரியை பொறுமையாக இரண்டு பீரோக்களைக் காலி செய்து, ஓரம் கரையான் அரித்த ஒரு சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். ‘பவுனம்மாள்’ என்று நீல மையில் முத்து முத்தாக எழுதியிருந்தது. பக்கத்தில் தாத்தாவின் பெயர், பிறந்த தேதி. அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல்தான் எங்கள் கோப்பில் மிக வலுவான தாள் என்று நினைக்கிறேன்.

முதல் விண்ணப்பம் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கியிருந்தோம். நீதித்துறை நடுவர் முன் கையெழுத்திட்டது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பெயரே வேறாக இருப்பதால் ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் விளம்பரம் கொடுத்து அந்தப் பக்கங்களையும் முழுதாக இணைக்கச் சொன்னார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படத்தில் நல அலுவலகத்தின் சான்றொப்பம் இல்லை. இவற்றை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

நீதிமன்றத்துக்கு அம்மா தன் ஊதா நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். பவானி தேவி என்று ராணுவப் பதிவேட்டிலும் பவுனம்மாள் என்று மற்ற ஆவணங்களிலும் குறிப்பிடப்படுபவர் ஒருவரே என்ற வாசகத்தை வழக்கறிஞர் வாசித்துக் காட்டினார். அம்மா ஒருமுறை தலையசைத்துவிட்டு, தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினார்.

இரண்டாம் முறை அனுப்பும்போது, எங்கள் தெருவிலிருக்கும் சுபேதார் மாமா சொன்னபடி ஒவ்வொரு தாளின் பின்புறமும் அப்பாவின் சர்வீஸ் நம்பர், பதவி, பெயர் மூன்றையும் எழுதினோம். கட்டிலிருந்து ஒரு தாள் பிரிந்து போனாலும் அது யாருடையது என்று தெரியும். நம்பரை அப்பா எதையும் பார்க்காமல் சொன்னார். மருந்து சாப்பிட்டோமா என்பதையே மறந்துவிடுகிறவர் அவர். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு முழு நகலை வீட்டில் வைத்துக்கொண்டோம். பிறகு மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம்.

ஏழாவது மாதம் பார்ட் டூ ஆர்டரின் நகல் வந்தது. அதன் பிறகு திருத்திய பி.பி.ஓ. வர நான்கு மாதங்கள். கடைசியில் ஸ்பர்ஷ் திரையில் பெயரும் பிறந்த தேதியும் மாறியதைப் பார்த்தபோது, தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

டிஸ்சார்ஜ் புக்கில் பழைய பெயரை நாங்கள் தொடவில்லை. அதில் சொந்தமாக அடித்து எழுதினால் புத்தகமே சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆர்டரின் நகலை அந்தப் பக்கத்தோடு வைத்திருக்கிறோம்.

பி.பி.ஓ.வை அச்செடுத்துக் கொடுத்த அன்று, எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டார். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. அப்பாதான் விரலை வைத்துக் காட்டினார். மருத்துவமனை அட்டையை மாற்றுவதற்காக வரும் திங்கட்கிழமை இருவரையும் அழைத்துப் போகிறேன்.