ஒட்டு வைத்த எலிகள்: ஆய்வக நாட்குறிப்பு

ஜனவரி 9
கரைத்து வைத்த நரம்பு நஞ்சு, 6-ஹைட்ராக்ஸிடோபமின், மதியத்துக்குள் இளஞ்சிவப்பாகிவிட்டது. அது கெடாமல் காக்கும் அஸ்கார்பிக் அமிலம் சேர்க்க மறந்தது நான்தான். நிறம் மாறிய மருந்தை நம்ப முடியாது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்து ஐஸில் வைத்தேன். ஊசி வலப்பக்க மூளைக்கு மட்டும். அங்கே டோபமின் என்ற சேதிப்பொருளை விடும் நரம்புகள் அழியும். இடப்பக்கம் ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே இருக்கும்.

ஜனவரி 30
டோபமினைப்போலவே வேலை செய்யும் அபோமார்ஃபின் போட்டதும் 14ஆம் எலி கிண்ணத்துக்குள் இடப்பக்கமாகவே சுற்றுகிறது, வாலைப் பிடிக்க ஓடுவதுபோல. நிமிடத்துக்கு 7 சுற்றாவது வந்தால்தான் ஆய்வில் சேர்த்துக்கொள்வோம்; இது தாராளமாகத் தாண்டிவிட்டது. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. டோபமின் வரத்து நின்ற ஸ்ட்ரியாட்டம், அதாவது அசைவை ஆளும் மூளைப்பகுதி, டோபமினைப் பிடிக்கும் டி2 ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது, சத்தம் குறைந்த வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப்போல. அதனால் துளி மருந்துக்கே வலப்பக்கம் துள்ளி எழ, உடம்பு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஆய்வாளர் உங்கர்ஸ்டெட் 1971லேயே சொன்ன விஷயம்.

பிப்ரவரி 6
அழிந்த நரம்புகளுக்கு ஈடாக வலப்பக்கம் ஒட்டு வைத்தாயிற்று. 14 நாள் எலிக் கருவின் நடுமூளையிலிருந்து எடுத்த கடுகளவுத் திசு. 1979ல் பெர்லோ குழுவும், பியோர்க்லண்டும் ஸ்டெனெவியும் காட்டிய வழிதான்.

ஏப்ரல் 17
ஆம்பெட்டமின் சோதனை. இந்த மருந்து நரம்பு முனையில் இருக்கும் டோபமினை வெளியே தள்ளும். ஒட்டுக்கு முன்னால் இதற்கு வலப்பக்கமே சுற்றிய 14, இன்று மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் ஒரே குஷி. எனக்கு அவசரமில்லை. ஒட்டு டோபமின் விடுகிறது என்பதற்கு இது சாட்சி, அவ்வளவே. ஏற்பிகள் என்ன ஆயின என்பதை எலியின் நடை சொல்லாது.

ஜூன் 22
டி2 ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும் ஸ்பைபெரோனில், கதிர்வீசும் ட்ரிட்டியம் ஏற்றி, ஊறவைத்த மூளைச் சீவல்களின் படச்சுருள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்து இன்றுதான் வந்தது. ஏற்பி கூடிய இடம் அதில் கறுப்பாக விழும். புதிதாகச் சேர்ந்த பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, ஏற்பி மீண்டுவிட்டதென்றால் கறுப்பு கூடத்தானே வேண்டும்?" என்றாள். நல்ல கேள்வி, நானும் முதலில் அப்படித்தான் தடுமாறினேன். இங்கே மீள்வது என்றால் குறைவது. பெருகியது பழைய அளவுக்கு இறங்க வேண்டும்.

14இன் சீவலில் ஒட்டைச் சுற்றி இடப்பக்கம் அளவுக்கே வெளுப்பு. வெளியோரத்தில் மட்டும் இன்னும் கரும்பட்டை. ஒட்டின் நரம்பிழை அதுவரை எட்டவில்லை போலிருக்கிறது. சுற்றுவது நின்றும் பட்டை நிற்கிறது! அடுத்த தொகுதிக்கு ஊசியை அரை மில்லிமீட்டர் வெளியே தள்ள வேண்டும் என்று அட்டையில் குறித்துவிட்டேன்.