மைக்ரோபயாலஜி மாணவர்கள் இயற்பியலை எங்கிருந்து பிடிப்பது?

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து மேற்படிப்புக்கு நுழைவுத்தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்பதுதான். "ஏனுங்க அக்கா, நமக்கு எதுக்குங்க பிசிக்ஸ்?" என்று கோவையிலும் ஈரோட்டிலும் படிக்கிற ஜூனியர்கள் கேட்கிறார்கள். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாளில் பள்ளி அளவிலான இயற்பியலும் வருகிறது, அது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. பாக்டீரியா ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது, ஏன் அப்படி நீந்துகிறது என்பதற்கான விடையில் பாதி நம் உயிரியல் பாடத்தில் இல்லை, பாய்மங்கள் பாடத்தில் இருக்கிறது.

அந்தப் பாடத்தில் முதலில் எடுக்க வேண்டியது ரெனால்ட்ஸ் எண். அடர்த்தி, வேகம், நீளம் மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் (திரவம் ஓட்டத்தை எதிர்க்கும் அளவு) வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நகரும் பொருளின் நிலைமம் பெரிதா, நீரின் பிடிப்பு பெரிதா என்று இது சொல்லிவிடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல் எண்களைப் போட்டுப் பாருங்கள். பவானியில் நீந்துகிற ஓர் ஆளுக்கு, ஒன்றரை மீட்டர் நீளம், நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்று வைத்தால், சுமார் 15 லட்சம் வரும். ஒற்றைச் செல் உயிரியான பரமீசியத்துக்கு 0.2. 2 மைக்ரோமீட்டர் நீளத்தில், நொடிக்கு 30 மைக்ரோமீட்டர் நீந்துகிற ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 0.00006. மூன்றும் ஒரே தண்ணீர்தான்.

இந்த 0.00006 என்ன செய்கிறது என்பதில்தான் கொஞ்ச நேரம் செலவிட வேண்டும். கிணற்றுச் சுவரை ஒரு உதை விட்டால் நாம் கை வீசாமலே கொஞ்ச தூரம் போகிறோம். பாக்டீரியாவுக்கு அது கிடையாது. பாய்மத்தில் மெல்ல நகரும் கோளத்தின் மீதான இழுவையைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதியை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கோளமாக எடுத்துக்கொண்டு, நிறையை இழுவைக் கெழுவால் (6 பை, பாகுநிலை, ஆரம் ஆகியவற்றின் பெருக்கல்) வகுத்தால் 0.2 மைக்ரோநொடி வரும். கசையிழை (பாக்டீரியா நீந்துவதற்குச் சுழற்றும் மெல்லிய இழை) நின்றால் பாக்டீரியாவின் வேகம் அடங்க ஆகும் நேரம் அது. அதற்குள் நகரும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது! இந்த விடை என் நோட்டில் வந்த நாளில்தான் கசையிழை என்ற உறுப்பு எனக்கு உண்மையாகவே பிடிபட்டது.

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் எட்வர்ட் பர்செல். 1952-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். பாக்டீரியா நீந்துவது பற்றிய அவருடைய உரை 1977-இல் அச்சில் வந்தது. சிப்பியைப் போல ஒரே கீலில் திறந்து மூடுகிற உயிரி, இந்த அளவில், எவ்வளவு வேகமாகத் திறந்து மூடினாலும் நகராது என்று அவர் காட்டினார். முன்னால் போன அதே தூரம் பின்னால் வந்துவிடும். அதனால்தான் ஈ.கோலை திருகு வடிவக் கசையிழையைச் சுழற்றுகிறது, நொடிக்கு நூறு சுற்று அளவில். பரமீசியத்தின் உடல்மேல் குட்டி மயிர்போல இருக்கும் குற்றிழை தள்ளும்போது நிமிர்ந்தும் திரும்பும்போது வளைந்தும் வருவதும் இதே காரணத்தால்தான். நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றைத் தெளிவாக விளக்கத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விரவல், அதாவது மூலக்கூறுகள் தாமாகவே பரவுவது. சிறு மூலக்கூறு ஒன்று நீரில் 1 மைக்ரோமீட்டர் விரவ அரை மில்லிநொடி போதும். 1 சென்டிமீட்டர் என்றால் சுமார் 14 மணி நேரம்! தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. பாக்டீரியாவுக்கு இதயமும் ரத்த ஓட்டமும் தேவைப்படாததும், நாம் வளர்ப்புக் குடுவையை ஷேக்கரில் வைத்து ஆட்டுவதும் இந்த ஒரே கணக்கில் அடங்கும். முற்றுத் திசைவேகத்தையும் (பாய்மத்தில் விழும் பொருள் கடைசியில் எட்டும் மாறாத வேகம்) இப்படி ஆய்வகத்தோடு சேர்த்துப் படியுங்கள். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாக்டீரியா, நீரைவிடப் பத்து சதவீதம் அடர்த்தி கூடியது என்றால், தானாக ஒரு நாளில் மூழ்குவது 5 மில்லிமீட்டர் அளவுதான். வேகமாகச் சுழற்றிப் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜ் எதற்கு என்று வைவாவில் கேட்டால் இதைச் சொல்லலாம்.

பரப்பு இழுவிசைக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். ஒரு மாலையில் முடியும்.

மைக்ரோஸ்கோப் கிடைக்கிறவர்கள் கண்ணாலும் பார்த்துவிடுங்கள். நம் பக்கம் கட்டுத்தரையில் சோளத்தட்டுக்குப் பஞ்சமில்லை. நாலு துண்டைக் குளத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சில நாள் விட்டால் குற்றிழை உயிரிகள் வர வாய்ப்பு அதிகம். தொங்கு துளி முறையில் (கண்ணாடித் துண்டின் அடியில் தொங்கும் துளியில்) பாக்டீரியாவைப் பார்க்கும்போது, நின்ற இடத்திலேயே நடுங்குவதை நீந்துவதாக எழுதிவிடாதீர்கள். அது பிரௌனியன் இயக்கம். ராபர்ட் பிரௌன் 1827-இல் கவனித்தது, 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கியது. செத்த பாக்டீரியாவும் நடுங்கும். ஒரு திசையில் ஓடி, சட்டென்று புரண்டு, வேறு திசையில் ஓடினால்தான் நீந்துகிறது என்று எழுத வேண்டும்.

கணக்குப் போடும்போது மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் முதலிலேயே மீட்டருக்கு மாற்றிவிடுங்கள். நீளத்தை மாற்றி வேகத்தை விட்டுவிட்டால் விடை பத்து லட்சம் மடங்கு தள்ளிப்போகும். பாக்டீரியாவுக்கு ரெனால்ட்ஸ் எண் 1-ஐத் தாண்டி வந்தால், சூத்திரத்தைச் சந்தேகப்படும் முன் அலகைப் பாருங்கள்.