13.5 சென்டிமீட்டர்: சைக்கிள் சீட்டுக்காக எலும்பை அளந்த அனுபவம்

முட்டுக்காடு பாலத்தைத் தாண்டியதும் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தேன். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைச் சுற்று அது. போக வர 80 கிலோமீட்டருக்கு மேல். காலில் தெம்பு இருந்தது, மூச்சும் வாங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேர தூரம் இருக்கும்போது சீட்டில் உடம்பு பட்டாலே எரிந்தது. நின்று மிதிப்பதும், வலியோடு உட்கார்வதும், மறுபடி நிற்பதுமாக வந்து சேர்ந்தேன்.

வலி எங்கே என்று வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னைப் போலவே கூச்சப்பட்டுச் சைக்கிளை மூலையில் சாத்திவிட்ட இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். அதனால் இங்கே நேராகவே எழுதுகிறேன். வலி பிட்டத்தில் இல்லை. நடுவில், சிறுநீர் கழிக்கும் இடத்தைச் சுற்றி வீக்கமும் எரிச்சலும். சில நாள் அந்த இடமே மரத்துப் போகும். டாக்டரிடம் போனேன். இரண்டு வாரம் சைக்கிளைத் தொடாதீர்கள் என்றவர், கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "மரத்துப் போறதைப் பழகிடும்னு விடக் கூடாதும்மா. அங்க நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம்." புடெண்டல் நரம்பு என்று பெயரும் சொன்னார். இடுப்பெலும்பின் உட்பக்கத்தை ஒட்டி வந்து அந்தப் பகுதிக்கெல்லாம் உணர்வு கொடுப்பது அதுதானாம்.

சைக்கிள் வாங்கிய கடையில் முன்பே கேட்டிருந்தேன். "மேடம், நீங்க ஒல்லியா இருக்கீங்க. இந்தச் சீட்டே போதும். வலிச்சா ஜெல் கவர் போட்டுக்கோங்க" என்றார்கள். போட்டேன். முதல் 10 கிலோமீட்டர் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் முன்பைவிட மோசம். காரணம் பிறகுதான் விளங்கியது. மெத்தென்ற பொருளில் எலும்பு புதையும்போது அந்த ஜெல் ஓரங்களுக்கும் நடுவுக்கும் பிதுங்கி எழும்புகிறது. எழும்பி எங்கே அழுத்துகிறது என்றால், எந்த இடத்தில் அழுத்தமே கூடாதோ சரியாக அங்கே.

ஓய்வெடுத்த அந்த இரண்டு வாரத்தில்தான் எலும்பை அளப்பது பற்றிப் படித்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் பிட்டத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு மரப்பலகையில் உட்காருங்கள். இடமும் வலமுமாக இரண்டு முண்டுகள் கையில் குத்தும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. நாம் உட்காரும்போது உடம்பின் பாரம் அந்த இரண்டு முனையில்தான் இறங்க வேண்டும். சைக்கிள் சீட்டின் பின்பகுதி அகலமாக இருப்பதே அவற்றைத் தாங்கத்தான். சீட்டு குறுகலாகிவிட்டால் முனைகள் இரண்டும் விளிம்புக்கு வெளியே தொங்கும், பாரம் முழுக்க நடுவில் இருக்கும் மென்மையான சதைக்குப் போய்விடும். இந்த முனைகளின் இடைவெளி பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும். சராசரியில் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஆளைப் பார்த்து அந்த அளவைச் சொல்லவே முடியாது. ஒல்லி, பருமன் என்பதெல்லாம் எலும்புக்கு மேலே இருக்கும் சதையின் கணக்கு.

அளந்தேன், முதல் முறையே சரியாக வரவில்லை. சப்பாத்தி மாவை பிளாஸ்டிக் கவரில் பரப்பி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பெரிய பள்ளம் விழுந்தது, ஆனால் எது நடு என்று தெரியவில்லை. கார்பெட் மேல் அலுமினியத் தாளை விரித்து உட்கார்ந்தால் எழும்போதே தாள் கசங்கிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது டேபிள் ஃபேன் வந்த அட்டைப்பெட்டி. உள்ளே அலை அலையாக மடிப்பு வைத்த அட்டை அது. அழுத்தினால் அமுங்கும், திரும்ப எழும்பாது. அதுதான் வேண்டியது.

அட்டையை இரண்டு ஜாண் அகலத்துக்கு வெட்டி முதலில் கட்டிலில் வைத்து உட்கார்ந்தேன். மெத்தைமேல் வைத்ததால் ஒரே பெரிய தழும்பாக விழுந்தது. அடியில் இருப்பது கல் மாதிரி இருந்தால்தான் எலும்பு மட்டும் பதியும் என்று அப்புறம் புரிந்தது. மாடிப்படிக்குப் போனேன். எங்கள் வீட்டுப் படி மொசைக், துளியும் நெகிழாது. இரண்டாவது படியில் அட்டை, தரையில் கால். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருந்தது. அப்படி இருந்தால் எலும்புமுனை நன்றாக அழுந்தும். போட்டிருந்தது மெல்லிய பருத்திப் பைஜாமா. ஜீன்ஸ், தடித்த தையல் உள்ள பேண்ட், மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் இவற்றோடு அளக்காதீர்கள், தையலும் மெத்தையும் சேர்ந்து பதிந்து குழப்பும்.

உட்கார்ந்து, முழங்கை இரண்டையும் முழங்காலில் ஊன்றிக் கொஞ்சம் முன்னே சாய்ந்தேன். சைக்கிளில் நான் சாயும் அளவுக்குத்தான் சாய்ந்தேன். பிறகு படியின் விளிம்பைப் பிடித்து உடம்பைக் கீழே இழுத்து அரை நிமிடம் அப்படியே இருந்தேன். அசையக் கூடாது. அசைந்தால் பள்ளம் இழுபட்டு நீள்வட்டமாகிவிடும். எழும்போது நகராமல் நேராக எழ வேண்டும், அதற்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணுக்குப் பள்ளம் லேசாகத்தான் தெரிந்தது. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா, "கோலமாவைத் தூவிப் பாரேன்" என்றார். தூவி, ஸ்கேலின் விளிம்பால் மெல்ல வழித்தேன். மாவு பள்ளங்களில் மட்டும் தங்கி இரண்டு வெள்ளைப் பொட்டுகளாக நின்றது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இத்தனை மாதம் எது எங்கே அழுத்துகிறது என்றே தெரியாமல் இருந்ததற்கு முதல் தடவையாக ஒரு தடயம் கிடைத்தது.

அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேண்டியது ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்த பள்ளத்தின் நடு வரை உள்ள தூரம். நடுவைக் குத்துமதிப்பாக வைத்தால் 5 மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போய்விடும். அதற்குப் பதிலாக இடப்பக்கப் பள்ளத்தின் இடது ஓரத்திலிருந்து வலப்பக்கப் பள்ளத்தின் இடது ஓரம் வரை அளந்தால் போதும். இரண்டு பள்ளமும் ஒரே அளவென்றால் அது நடுவிலிருந்து நடுவுக்குச் சமம். மூன்று புது அட்டையில் மூன்று முறை அளந்தேன். 13.4, 13.6, 13.5. சரி, 13.5 என்று எழுதி வைத்தேன்.

பிறகு சைக்கிளில் இருந்த சீட்டைத் திருப்பி, பின்புறம் அதிகபட்ச அகலத்தை அளந்தேன். 13.8 சென்டிமீட்டர். முதலில் பார்த்தபோது சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். சீட்டின் ஓரம் வளைந்து கீழே இறங்குகிறது. எலும்பு உட்கார வேண்டியது அந்தச் சரிவில் இல்லை, மேலே இருக்கும் தட்டையான பகுதியில். அதனால் எலும்பின் அளவோடு கூட்ட வேண்டும். நன்றாகக் குனிந்து ஓட்டும் ரோடு பைக்குக்கு 1 சென்டிமீட்டர், என்னைப் போல மிதமாகச் சாய்ந்து ஓட்டுபவர்களுக்கு 2, நிமிர்ந்து ஓட்டினால் 3, 4 வரை என்பது பொதுவான கணக்கு. நிமிர நிமிர ஏன் கூடுகிறது என்றால், இடுப்பெலும்பின் அடிப்பாகம் முன்னே போகப் போகக் குறுகி ஆங்கில V எழுத்துப் போலச் சேர்கிறது. குனியும்போது நாம் அந்தக் குறுகிய பகுதிக்கு உருளுகிறோம், நிமிரும்போது அகலமான பின்முனையில் முழுப் பாரமும் இறங்குகிறது.

எங்கள் அப்பாவின் ஹீரோ சைக்கிள் நினைவுக்கு வந்தது. அடியில் இரண்டு ஸ்பிரிங், மேலே முறம் மாதிரி அகலமான சீட்டு. அப்பா முதுகு நேராக, கோவிலில் உட்கார்ந்த மாதிரிதான் அதை ஓட்டுவார். அந்த உட்காருகைக்கு அந்த அகலம் பொருத்தம். அதையே கழற்றி என் சைக்கிளில் மாட்டினால் தொடையில் உரசிப் புண்ணாக்கிவிடும்.

எனக்கு வேண்டியது 15.5. சீட்டுகளை 143, 155, 168 மில்லிமீட்டர் என்று அளவு போட்டே விற்கிறார்கள். ஸ்பெஷலைஸ்டு போன்ற நிறுவனங்களில் ஒரே மாடல் பல அகலங்களில் வரும். 155, நடுவில் நீளவாக்கில் பள்ளம் வெட்டியது, மெத்தை குறைவாக இருப்பது என்று கேட்டேன். வேறு ஒரு கடையில் 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. கையால் அழுத்தினால் கெட்டியாக இருந்ததால் கொஞ்சம் பயம்தான்.

மாட்டும் முன் பழைய உயரத்தைக் குறித்துக்கொண்டேன். இரண்டு பெடல் தண்டுகளும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை 65.5 சென்டிமீட்டர். இதைத் தவறாமல் செய்யுங்கள். ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு கனம். சீட்டைத் தாங்கும் கம்பத்தைத் தொடாமல் சீட்டை மட்டும் மாற்றினாலும் உட்காரும் உயரம் மாறிவிடும். உயரம் கூடினால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும், அந்த ஆட்டமே புண் தரும்.

முதல் வாரம் 40 கிலோமீட்டரில் பழைய மரத்தல் திரும்பி வந்தபோது மனசு உடைந்துவிட்டது. சீட்டின்மேல் ஒரு கெட்டியான புத்தகத்தை வைத்து, அதன்மேல் போனை வைத்து மட்டம் பார்த்தேன். சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, 3 டிகிரி மேலே தூக்கி இருந்தது. நான் மாட்டியதில் வந்த கோளாறு. ஆலன் கீயால் தளர்த்தி மட்டத்துக்குக் கொண்டுவந்து, கூடவே ஒரு டிகிரி கீழே சாய்த்தேன். அதற்கு மேல் சாய்த்தால் உடம்பு முன்னே வழுக்கி, பாரம் கைக்கு வந்து உள்ளங்கை வலிக்கிறது. அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

அதன் பிறகு வந்தது வேறு வலி. பிட்டத்தின் அடியில், அட்டையில் பொட்டு விழுந்த அதே இரண்டு இடத்தில், அடிபட்டது போன்ற மந்தமான வலி. அந்த வலியை நான் வரவேற்றேன். பாரம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினேன், மூன்றாவது வாரம் போய்விட்டது. நடுவில் வரும் வலியும் மரத்தலும் அப்படிப் பழகிப் போகிற வகை இல்லை. அதைப் பொறுத்துக்கொண்டு ஒருவரும் ஓட்டாதீர்கள். தொடையின் உள்பக்கம் உரசினால் சீட்டு அகலம் கூடிவிட்டதா என்று பாருங்கள்.

டிசம்பரில் மறுபடி மாமல்லபுரம் போனேன். திரும்பும்போது முட்டுக்காடு பாலத்தில் உட்கார்ந்தே வந்தேன். நீர்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, படகுகளைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

அட்டையையும் கோலமாவையும் பற்றிக் கேள்விப்பட்டு அலுவலகத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். என்னைவிட நல்ல பருமன். அவளுக்குக் கடையில் கொடுத்திருந்தது இருப்பதிலேயே அகலமான சீட்டு, தொடை இரண்டும் உரசித் தடித்துப் போயிருந்தது. அதே மாடிப்படியில் உட்கார வைத்தேன். மாவை வழித்ததும் இரண்டு பொட்டும் இவ்வளவு பக்கத்தில் விழுந்திருப்பதைப் பார்த்து அவளே நம்பவில்லை. மூன்று முறை அளந்தோம், மூன்று முறையும் 11.2 தான் வந்தது. அவளும் என் மாதிரிதான் சாய்ந்து ஓட்டுகிறாள், 2 கூட்டினால் 13.2.

"அக்கா, உங்க பழைய சீட்டு எவ்வளவு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். ஜெல் கவரைக் கழற்றிவிட்டுத்தான்.